புதுப்பிப்பு: ரயிலிலும் விமானத்திலும் ஸ்கெட்ச் புத்தகம்

மதுரைக்கு ரயிலில் போய் விமானத்தில் திரும்பப் போகிறேன், வரைய எந்தப் பேனா எடுத்துக்கொள்ளலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். சென்னை திரும்பியாச்சு.

எழும்பூர் குவிமாடத்தை வெளியிலிருந்தே வரைந்துவிட்டுத்தான் ஏறினேன். ஓடும் வண்டியில் பக்கத்து மரம், கம்பம் எதுவும் பென்சிலுக்கு நிற்காது. தூரத்து மலைதான் நிதானமாக நகரும். அதனால் திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு முழுப் பக்கம். கோடு நடுங்கத்தான் செய்கிறது, எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

மைப்பேனாவை முழுக்க நிரப்பச் சொன்னவருக்கு நன்றி. விமானம் மேலே போகப் போக கேபின் அழுத்தம் குறையும். பேனாவுக்குள் இருக்கும் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும். காற்று குறைவாக இருந்தால் கசிவும் குறைவு. நிப்பையும் மேல்நோக்கி வைத்திருந்தேன், சட்டை தப்பியது!

கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் இருந்ததால், வண்ணம் கரைக்கத் தண்ணீர் டம்ளர் தேவைப்படவில்லை. அப்புறம், சீவல் வெளியே சிந்தாத ஷார்ப்னர் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.