புதுப்பிப்பு: பள்ளி விமானத்துக்குப் பட்டறை கிடைத்துவிட்டது

எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் கட்டுகிறார்கள், அலுமினியத் தகடு வளைக்க இடம் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

கோவை கணபதியில் ஒரு பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மெஷினைச் சும்மாவே கொடுக்கிறார். பம்ப்செட் ஊரில் கேட்டால் கிடைக்காமலா! சூலூரிலிருந்து ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவரும் வருகிறார். ட்ரில் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்வார். பிசிறு இருந்தால் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி சரியாக உட்காராது, விரிசலும் அங்கேதான் தொடங்கும். ஒரு இறக்கைத் தகட்டை அப்படியே ஓரங்கட்டிவிட்டார். பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை.

பணம்தான் இழுக்கிறது. 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் ஆஸ்திரியாவிலிருந்து வரவேண்டும். திருப்பூரிலுள்ள பழைய மாணவர்கள் மாதாமாதம் அனுப்புகிறார்கள். அப்புறம், ஸ்பானர் பிடிக்க இனி ஆள் வேண்டாங்க. கணக்கு எழுத ஒருவர் இருந்தால் சொல்லுங்க.