இதயத்தில் ஓட்டை: அடைப்பதா, மாத்திரையோடு விடுவதா?

குமரன்71:
தம்பிக்கு 41 வயது. போன மாதம் ஒரு காலையில் சட்டைப் பட்டன் போடக் கை வரவில்லை, வாயும் கோணிவிட்டது. ஸ்ட்ரோக். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. எக்கோவில் (இதய ஸ்கேன்) சலைனைக் குலுக்கிக் கை நரம்பில் ஏற்றி, மூச்சைப் பிடித்து முக்கச் சொன்னார்கள். வலது மேலறையில் இருந்த பொடிக் குமிழிகள் சட்டென்று இடப்பக்கம் தாவியதைத் திரையில் நானே பார்த்தேன். காலில் உறைந்த ரத்தக்கட்டியும், இரண்டு மேலறைகளுக்கும் நடுச்சுவரில் இருக்கிற அந்த ஓட்டை வழியாகத்தான் மூளைக்குப் போயிருக்கும் என்கிறார் டாக்டர். அடைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

வெட்டிப்பேச்சு:
பொறுங்கள். கருவில் எல்லாருக்கும் இருக்கிற ஓட்டைதான் அது. பெரியவர்களில் நாலு பேரில் ஒருவருக்கு மூடாமலே இருக்கிறது. ஓட்டை இருக்கிறது என்பதற்காக அதுதான் குற்றவாளி என்றாகிவிடுமா? 2012, 2013-இல் வந்த மூன்று ஆய்வுகளிலும் அடைத்ததால் உறுதியான லாபம் தெரியவில்லை.

மருந்துக்கடை:
நீங்கள் 2013-லேயே நின்றுவிட்டீர்கள். 2017-இல் வெளியான பிரான்சின் ‘க்ளோஸ்’ ஆய்வில், அடைத்துக்கொண்ட 238 பேரில் ஒருவருக்குக்கூட ஸ்ட்ரோக் திரும்பவில்லை. ஆஸ்பிரின் வகை மாத்திரை மட்டும் சாப்பிட்ட 235 பேரில் 14 பேருக்கு வந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் டெடி புரூஸ்கிக்கு 2005 பிப்ரவரியில் ஸ்ட்ரோக். ஓட்டையை அடைத்துக்கொண்டு அக்டோபரிலேயே மைதானத்தில் இறங்கினார்.

வெட்டிப்பேச்சு:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே ஆய்வில் அடைத்தவர்களில் 4.6% பேருக்கு இதயத்துடிப்பு தாறுமாறானது, மாத்திரைக்காரர்களில் 0.9%தான். அதுவும் ஓட்டை பெரிதாகவோ நடுச்சுவர் தொளதொளவென்றோ இருந்தவர்களை மட்டும்தான் சேர்த்தார்கள். எல்லா ஓட்டைக்கும் அது பொருந்தாது.

மருந்துக்கடை:
மருந்து மட்டும் சாதுவா? இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோனுக்கும் இதே ஓட்டைதான். 2006 ஜனவரி 5 அன்று அடைப்பதாக இருந்தது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் இரவே மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தவர், 2014-இல் இறக்கும்வரை தேறவே இல்லை.

வெட்டிப்பேச்சு:
அவருக்கு 77 வயது, சார். கொடுத்ததும் ஆஸ்பிரின் இல்லை, அதைவிட வீரியமான ஊசி. 41 வயதுக்காரருக்கு அந்தக் கணக்கைப் போடாதீர்கள். குமரன், ரிப்போர்ட்டில் ஓட்டையின் அளவு போட்டிருக்கிறதா? துடிப்பை எத்தனை நாள் பதிவு செய்தார்கள்? ஏற்கெனவே துடிப்புக் கோளாறு இருந்தால் அடைத்தும் ரத்தக்கட்டி வரலாம்.

குமரன்71:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ‘பெரியது’ என்றே எழுதியிருக்கிறது. துடிப்பு ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை போகிறோம், அதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.