கையில் 40 கிராம் கஞ்சா வைத்திருந்தவனுக்குச் சிறை: நியாயமா, அரசியலமைப்புக்கு ஏற்றதா?

கேள்வி (காட்பாடி):
எங்கள் தெருவில் வளர்ந்த 22 வயதுப் பையன், 40 கிராம் கஞ்சாவுடன் பிடிபட்டு வேலூர் மத்திய சிறையில் இருக்கிறான். நேற்று மனு போட்டு அவனைப் பார்த்துவிட்டு வந்த அவனுடைய அம்மா, துணிப்பையைக் கீழே வைக்காமலேயே எங்கள் வாசலில் நின்று, "அரசாங்கமே சாராயம் விற்கிறது, என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஜெயில்?" என்று கேட்டார். இத்தண்டனை அரசியலமைப்புக்கு உட்பட்டதுதானா?

பதில் (வழக்கறிஞர், சத்துவாச்சாரி):
ஐயா, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டமே செல்லாது என்ற வாதம் நிற்காது. போதைப்பொருளைத் தடுக்க முயல வேண்டும் என்று அரசியலமைப்பின் 47ஆவது உறுப்பே அரசுக்குச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை இருந்ததாக அனுமானிக்கும் இச்சட்டத்தின் பிரிவையும் 2008இல், நூர் ஆகா வழக்கில், உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தச் சட்டத்தில், கஞ்சா புகைத்தவனுக்கு 27ஆவது பிரிவின்படி அதிகபட்சம் ஆறு மாதம். புகைப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்தவனுக்கு 20ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை. ஒரு கிலோ வரை எல்லாமே 'சிறிய அளவு' என்பதால், தனக்காக வைத்திருந்தவனும் விற்க வைத்திருந்தவனும் அங்கே ஒன்றாகிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, 33ஆவது பிரிவின்படி, 18 வயது நிறைந்தவர்களில் புகைத்தவனுக்கு நன்னடத்தையின் பேரில் விடுதலை கிடைக்கலாம், வைத்திருந்தவனுக்குக் கிடையாது. சமத்துவம் பேசும் 14ஆவது உறுப்பின் முன் இந்த வேறுபாட்டுக்கு என்ன நியாயம் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் (ஆசிரியை, குடியாத்தம்):
வழக்கறிஞர் ஐயா, என் வகுப்பில் பத்தாவது படித்த பையனின் ஜியோமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில், செய்தித்தாளில் மடித்த பொட்டலம் ஒன்றை நானே எடுத்தேன். அதை அவனுக்குக் கொடுத்தவனும் பையில் 40 கிராமுக்கு மேல் வைத்துக்கொண்டு அலைய மாட்டான். பிடிபட்டதும் "எனக்காக வைத்திருந்தேன்" என்று அவன் சொன்னால் விட்டுவிடுவீர்களா? ஜெயில் என்ற பயமும் போய்விட்டால் பள்ளி வாசலை யார் காப்பது?

பதில் (வழக்கறிஞர், சத்துவாச்சாரி):
அம்மா, உங்கள் பயம் நியாயமானது. விற்றவனை விட்டுவிடச் சொல்லவில்லை. பிரித்துக் கட்டிய பொட்டலங்கள், சில்லறைப் பணம், வாங்கியவரின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு விற்பனையை நிரூபித்துத் தண்டிக்கட்டும் என்கிறேன். எடை மட்டுமே அதைச் சொல்லாது.

காட்பாடி நண்பருக்கு ஒன்று. பையன் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்து, தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சையை முழுமையாக முடித்தால், சிறிய அளவு வழக்கில் இதே சட்டத்தின் 64-ஏ பிரிவு அவனுக்கு வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு அளிக்கிறது. பாதியில் நிறுத்தினால் அந்த விலக்கைத் திரும்பப் பெறலாம். அவனுடைய அம்மாவை, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.