சுண்ணாம்புக் கம்பம் எங்கே இருக்கிறது? பூட்டனார் கடிதம், உதவி தேவை

பொங்கோல்வாசி:
வணக்கம். என் அம்மாவின் தாத்தா சிங்கப்பூர் வந்த கதையைத் தேடி மூன்று வருஷமாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் இருப்பது உறையோடு ஒரே ஒரு கடிதம். அவர் ஊருக்கு எழுதியது. பிறகு பாட்டி இங்கே கப்பலேறி வந்தபோது டிரங்குப் பெட்டியில் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

தலைப்பில் "பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாதம் 12ந் தேதி, சுண்ணாம்புக் கம்பம்" என்று இருக்கிறது. உள்ளே: "வேலையில் ஆள் குறைக்கிறார்கள். பலரைக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். மண்டோர் தயவில் நான் இருக்கிறேன்." பதில் போட வேண்டிய விலாசம் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கி.

கம்பம் என்றதும் தேனி மாவட்டத்துக் கம்பம் என்று நினைத்து, போன ஜூன் லீவில் அங்கேயே போய் விசாரித்தேன். திராட்சைத் தோட்டம் பார்த்ததுதான் மிச்சம். கிட்டங்கி என்றால் கிடங்கு, ஆகவே காவல்காரராக இருந்திருப்பார் என்பது என் கணக்கு. அறுபது வருஷச் சக்கரத்தில் 1871, 1931 இரண்டுமே வருகின்றன. "கப்பலேற்றி" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மாமா 1871 என்கிறார், நம்மாள் கைதியாக வந்தவர் என்று ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். எது சரி?

ஈசூன் செல்வி:
உறையில் தபால்தலை இருக்கிறதா? அதில் இருப்பது ராணியா ராஜாவா?

பொங்கோல்வாசி:
பாதி கிழிந்திருக்கிறது அக்கா. தாடி வைத்த ஆண் முகம்.

ஈசூன் செல்வி:
அப்படியானால் மாமா கதை முடிந்தது. 1871ல் விக்டோரியா ராணியின் தலைதான் இருக்கும். தாடிக்காரர் ஐந்தாம் ஜார்ஜ், எனவே கடிதம் 1931 ஆகஸ்ட் கடைசி. இந்தியக் கைதிகளை 1825ல் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து கொண்டுவர ஆரம்பித்தார்கள், 1873ல் அந்த ஏற்பாடே முடிந்துவிட்டது. உங்கள் தாத்தா சொல்லும் கப்பல் வேறு. உலகமெல்லாம் பொருளாதார மந்தம், ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போன நேரம் அது. வேலையில்லாத தமிழாட்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் தப்பித்து இங்கேயே நின்றார் என்பதுதான் அந்த மூன்று வரி.

தேக்கா பெரியவர்:
பாப்பா, தேனி வரைக்கும் போனதைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். கம்பம் என்றால் இங்கே கம்போங், மலாயில் கிராமம். மலாய்க்காரர் கம்போங் காப்போர் என்பதை நம்மவர் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். காப்போர் என்றால் சுண்ணாம்பு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. கம்போங் காப்போர் ரோடு இன்றைக்கும் அதே பெயரில் இருக்கிறது. பொங்கோலில் ரயில் ஏறினால் மாறக்கூட வேண்டாம், லிட்டில் இந்தியாவில் இறங்கி நடக்கலாம்!

கிட்டங்கிக்கு மூலச்சொல் கிடங்குதான். ஆனால் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி என்றால் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கடைவீடு. நீளமான ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டி, ஒரு மேசை. வாடகை அறையில் நாலு பேரோடு படுத்துக் கிடந்தவனுக்கு நிலையான விலாசம் ஏது? தெரிந்த செட்டியார் மேற்பார்வை என்று போட்டுவிடுவார்கள். அதனால் காவல்காரர் என்று முடிவு கட்டாதீர்கள்.

மண்டோர் என்றால் மேஸ்திரி. ரப்பர் தோட்டமாக இருந்தால் பெரும்பாலும் கங்காணி என்று எழுதியிருப்பார். சுண்ணாம்புக் கம்பத்தில் குடியிருந்தவர், மண்டோருக்குக் கீழே வேலை பார்த்தவர் என்றால் முனிசிபாலிட்டி அல்லது துறைமுகம் என்பது என் ஊகம். ஊகம்தான்.

பொங்கோல்வாசி:
ஐயா, நன்றி! தலை சுற்றுகிறது. லண்டன் இந்திய அலுவலக ஆவணங்களில் தேடச் சொன்னார் ஒரு நண்பர். பயன் உண்டா?

ஈசூன் செல்வி:
வேண்டாம், காசு வீண். சிங்கப்பூர் 1867 ஏப்ரல் 1 முதல் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டன் குடியேற்ற நாட்டு அமைச்சின் கீழ் போய்விட்டது. அந்தக் கடிதப் போக்குவரத்து லண்டனில் கியூ என்ற இடத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, ஆனால் அதில் கூலியாள் பெயரை எதிர்பார்க்காதீர்கள். தமிழ் முரசு பத்திரிகையும் 1935ல்தான் தொடங்கியது, 1931க்கு உதவாது. வீட்டிலேயே தேடுங்கள். 1948ல் அவர் உயிரோடு இங்கே இருந்திருந்தால் காகித அடையாள அட்டை எடுத்திருப்பார். பெயரில் ‘ழ’ இருக்கிறதா? ஆங்கிலத்தில் ஒரு எல், இரண்டு எல், இஸட்ஹெச் எல்லாம் போட்டுப் பாருங்கள். எழுதிய கிராணியின் (குமாஸ்தாவின்) காதில் விழுந்ததுதான் எழுத்து.

பொங்கோல்வாசி (இரண்டு நாள் கழித்து):
பெரியம்மா வீட்டு அலமாரியில், பழைய ரேஷன் காகிதங்களோடு மடித்துக் கிடந்தது அட்டை. புகைப்படம் மங்கிவிட்டது, கட்டைவிரல் ரேகை மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ‘ழ’வுக்கு இரண்டு எல். விலாசம் சிராங்கூன் ரோட்டைத் தொட்ட ஒரு சந்து. சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பிரிட்டிஷ்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர் என்று மாமா இப்போது புதிதாக ஆரம்பித்திருக்கிறார், தபால்தலை விஷயத்தை அவரிடம் யார் சொல்வது என்று வீட்டில் சீட்டுப் போடுகிறோம்.