'அவனாகத்தான் இறங்கினான்' என்கிறவர்களுக்கு

கொளத்தூர்வாசி:
நேற்று ஒருவர், "கழிவுநீர்த் தொட்டியில் செத்தால் 30 லட்சம் வருகிறது. அவனாகத்தானே இறங்குகிறான், நம் தப்பு என்ன?" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. அது குடும்பத்துக்கு நஷ்டஈடு ஐயா, உயிருக்கு விலை இல்லை.

வேளச்சேரி67:
எழுதியது நான்தான். யாராவது பிடித்துத் தள்ளினார்களா? அவனாகத்தான் இறங்கினான்.

கொளத்தூர்வாசி:
முதலில் 'அவர்' என்று எழுதுங்கள். எங்கள் குடியிருப்பில் கண்ணால் பார்த்தேன். லாரிக் குழாய் அடிச்சேற்றை இழுக்கவில்லை. வந்தவர் சட்டையைக் கழற்றி, போனை அதில் சுருட்டி மதில்மேல் வைத்து, "அண்ணே, பாத்துக்குங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு இறங்கினார். இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். இரண்டே நிமிடம், குரல் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தோம். பிழைத்தார்.

வேளச்சேரி67:
சட்டையை அவனே கழற்றினான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! நன்றி.

மாம்பலம் அக்கா:
சட்டையிலேயே நிற்கிறீர்களே தம்பி. உள்ளே இருந்த வாயு கண்ணில் படவில்லையா?

கொளத்தூர்வாசி:
அக்கா சொல்வதுதான். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் அடங்கிவிட்டது என்று நம்பி இறங்குகிறவரை 'தானாக' என்பீர்களா? அவரைத் தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் இப்படித்தான் சாகிறார். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினவர்மீதுதான் வழக்கு. முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேளச்சேரி67:
அப்போது லாரியைக் கூப்பிட்டது யார்? உங்களை உள்ளே போடலாமா?

கொளத்தூர்வாசி:
போன் போட்டது நான்தான். அந்தக் கயிறு கையை அறுத்தது இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் விடாமல் பேசுகிறேன்.

பெரம்பூர் மாறன்:
இவரிடம் பேசி என்ன பயன்? மிக்ஜாம் வெள்ளத்தில் பக்கத்துத் தெருவுக்கு முன்னால் தனக்குப் படகு வேண்டும் என்று இங்கேயே சண்டை போட்டவர்தானே.

வேளச்சேரி67:
வீட்டில் 80 வயது அம்மா இருந்தார்! அதை இழுக்காதீர்கள். மாடியில் உட்கார்ந்து பஜ்ஜி படம் போட்டவர் நீங்கள்.

மாம்பலம் அக்கா:
உங்கள் அம்மாவுக்கு அவசரம், சரிதான். இறங்கினவருக்கும் ஒரு அம்மா இருப்பாளே.

வேளச்சேரி67:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவனாகத்தான் இறங்கினான். குறை இருந்தால் குடிநீர் வாரியத்திடம் சொல்லுங்கள்.

பெரம்பூர் மாறன்:
குடியிருப்புக்குள் இருக்கும் தொட்டிக்கு வாரியம் எங்கே வந்தது?

வேளச்சேரி67:
வரி கட்டுகிறேனே!

கொளத்தூர்வாசி:
'அவர்' என்று இன்னும் ஒரு தடவைகூட எழுதவில்லை நீங்கள்.