குடும்பக் குழு: ‘தெற்குத் தெரு வீடு’

கார்த்தி: எல்லோருக்கும் ஒரு கேள்வி. ஒரு கால்பந்து ஃபைனல், இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ‘அ’ அணி 1-0. இரண்டாவது ஆட்டத்தில் ‘ஆ’ அணி 5-0. கோப்பை யாருக்கு?

பிரபு சித்தப்பா: இது ஒரு கேள்வியா? ‘ஆ’வுக்குத்தான். ஐந்துக்கு ஒன்று.

மீனா: சித்தப்பா, இவன் கேட்கிறான் என்றால் விடை அதுவாக இருக்காது.

கார்த்தி: யாருக்கும் இல்லை 😎 மூன்றாவது ஆட்டம் வைத்தார்கள்.

பிரபு சித்தப்பா: கதை விடாதே.

ராஜன் பெரியப்பா: கதை இல்லை பிரபு. 1961, இன்டர்கான்டினென்டல் கப். ஐரோப்பிய கிளப் சாம்பியனும் தென் அமெரிக்க கிளப் சாம்பியனும் மோதுவது. லிஸ்பனில் போர்ச்சுகலின் பென்ஃபிகா 1-0. மான்டிவிடியோவில் உருகுவேயின் பெனரோல் 5-0. அப்போது கோலைக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். ஜெயித்தால் 2 பாயின்ட், டிரா என்றால் 1. ஆளுக்கு 2 பாயின்ட் ஆனதால் அதே மான்டிவிடியோவில் இரண்டே நாளில் மூன்றாவது ஆட்டம். பெனரோல் 2-1. அதற்காக அவசரமாக வரவழைத்த 19 வயதுப் பையன் பென்ஃபிகாவுக்கு அந்த ஒரு கோலைப் போட்டான். பெயர் யூசேபியோ.

பிரபு சித்தப்பா: ஐந்து கோல் போட்டவன் மறுபடி ஆட வேண்டுமா? அநியாயம் அண்ணா.

சுதா சித்தி: சனிக்கிழமை காதணி விழாவுக்கு யார் யார் வேனில் வருகிறீர்கள்? இன்றைக்குள் சொல்லுங்கள்.

ராஜன் பெரியப்பா: அதே கணக்குதான் 1963-ல் பெலேயின் அணியான பிரேசிலின் சான்டோஸைக் காப்பாற்றியது. இத்தாலியின் மிலான் அணியிடம் அதன் ஊரில் 4-2 என்று தோற்றார்கள். ரியோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் பெலே காயம், ஆடவில்லை. பாதி ஆட்டத்தில் மிலான் 2-0 முன்னிலை. அப்புறம் மழையில் சான்டோஸ் வரிசையாக 4 கோல். மூன்றாவது ஆட்டத்தில் ஒரே ஒரு பெனால்டி, 1-0. முந்தைய வருடம் லிஸ்பனில் பெலே 3 கோல் போட்டு 5-2 என்று ஜெயித்ததை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இதுதான் பெரிய ஆட்டம்.

மீனா: பெரியப்பா, இரண்டு ஆட்டம் இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் நிறுத்தினார்கள்?

கார்த்தி: அடிதடி 🥊

ராஜன் பெரியப்பா: அதுவும் உண்டு. 1967, கிளாஸ்கோவின் செல்டிக், அர்ஜென்டினாவின் ரேசிங். கிளாஸ்கோவில் செல்டிக் 1-0. ரேசிங்கின் ஊரான அவெஜனெடாவில் ஆட்டம் தொடங்கும் முன்பே கூட்டத்திலிருந்து வந்த ஏதோ ஒன்று செல்டிக் கோல்கீப்பர் சிம்ப்ஸன் தலையில் பட்டது. அவரால் ஆட முடியவில்லை, மாற்றுக் கோல்கீப்பர் இறங்கினார். ரேசிங் 2-1. இன்றைய கணக்கில் மொத்தம் 2-2, அன்றைய கணக்கில் ஆளுக்கு 2 பாயின்ட். மூன்றாவது ஆட்டம் மறுபடி மான்டிவிடியோவில். அங்கே ஆடியது கால்பந்து என்று சொல்ல முடியாது.

கார்த்தி: எத்தனை ரெட் கார்டு?

ராஜன் பெரியப்பா: அட்டையே கிடையாதுடா அப்போது. மஞ்சளும் சிவப்பும் 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன. நடுவர் பராகுவேக்காரர், வாயாலும் கையாலும்தான் ‘போ’ என்று சொல்ல வேண்டும். செல்டிக்கில் 4 பேர், ரேசிங்கில் 2 பேரை அனுப்பினார். அதில் பெர்ட்டி ஆல்ட் என்பவர் போகவே இல்லை. கடைசி வரை களத்திலேயே நின்றார்.

பிரபு சித்தப்பா: 😂😂 போகாமல் நின்றால் என்ன செய்வது?

ராஜன் பெரியப்பா: ஒன்றும் செய்யவில்லை. ரேசிங் 1-0. செல்டிக் நிர்வாகம் ஊர் திரும்பியதும் தன் ஆட்டக்காரர்களுக்கே அபராதம் போட்டது.

ராஜன் பெரியப்பா: என் கட்சி இதுதான். இரண்டு ஆட்டம் வைத்தது குற்றமில்லை. கோலை எண்ணாமல் விட்டு எல்லாவற்றையும் மூன்றாவது ஆட்டத்துக்குத் தள்ளியதுதான் குற்றம். சொந்த மண்ணில் ஒன்று, எதிராளி மண்ணில் ஒன்று ஆடி ஜெயிப்பவன்தான் சாம்பியன்.

மீனா: கோலைக் கூட்டத் தொடங்கியது எப்போது?

ராஜன் பெரியப்பா: 1969.

மீனா: இப்போதுதான் தேடிப் பார்த்தேன். அந்த 1969-ல்தானே மிலான் ஆட்டக்காரர் மூக்கை உடைத்தார்கள்? கோலைக் கூட்டியும் உடைந்ததே, பெரியப்பா.

பிரபு சித்தப்பா: மாட்டினீர்கள் அண்ணா 😄

ராஜன் பெரியப்பா: கொம்பின். அர்ஜென்டினாவில் பிறந்து பிரான்ஸுக்காக ஆடியவர். மிலானில் 3-0 என்று தோற்ற அர்ஜென்டினாவின் எஸ்டுடியான்டஸ், புவனோஸ் ஐரஸில் 2-1 என்று ஜெயித்தும் கோப்பை போய்விட்டது. கொம்பினுக்கு மூக்கும் கன்ன எலும்பும் உடைந்தன. அந்தக் கோலத்தில் இருந்தவரை ராணுவ சேவைக்கு வராதவர் என்று போலீஸ் வேறு பிடித்துக்கொண்டு போனது. பிரான்ஸில் சேவை முடித்தவர் என்று தெரிந்த பிறகுதான் விட்டார்கள்.

சுதா சித்தி: அடக் கடவுளே. அடித்தவர்களை யாரும் கேட்கவில்லையா மாமா?

ராஜன் பெரியப்பா: கேட்டார்கள் சுதா. அப்போது அங்கே ராணுவ ஆட்சி. மூன்று பேரைச் சிறையில் வைத்தார்கள். கோல்கீப்பர் பொலெட்டிக்கு ஆயுள் தடை, பிறகு நீக்கிவிட்டார்கள். அந்த அணியில் பிலார்டோ என்று ஒருவர், படித்த டாக்டர். 1986-ல் மாரடோனா கோப்பை வாங்கியபோது கோச் அவர்தான்.

பிரபு சித்தப்பா: டாக்டர் இருந்த டீமா இது!

ராஜன் பெரியப்பா: அடுத்த வருடமும் அவர்களே. ரோட்டர்டாமில் நெதர்லாந்து அணியான ஃபெயனூர்டின் வான் டாலெ கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடியவர். மாற்று ஆளாக வந்து கோல் அடித்தார். எஸ்டுடியான்டஸ்காரர் ஒருவர் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்தார்.

கார்த்தி: கண்ணாடி போட்டு ஃபைனலா?! 🤓

ராஜன் பெரியப்பா: ஆமாம். அந்த ஒரு கோலில்தான் கோப்பை ஃபெயனூர்டுக்கு.

மீனா: இதைப் பார்த்த பிறகு யார் அங்கே போவார்கள்?

ராஜன் பெரியப்பா: போகவில்லைதான். 1971-ல் நெதர்லாந்தின் அயாக்ஸ் மறுத்தது. 1972-ல் போனார்கள், அவர்களின் நட்சத்திரம் க்ராய்ஃப் சீக்கிரமே கோல் போட்டார், அடிபட்டு வெளியே வந்தார். 1973-ல் மறுபடி மறுத்தார்கள். 1974-ல் ஐரோப்பிய சாம்பியனான ஜெர்மனியின் பயர்ன் வரவில்லை, இரண்டாம் இடம் வந்த அட்லெட்டிகோ மாட்ரிட் போய் ஜெயித்தது. ஐரோப்பிய சாம்பியன் ஆகாமலே உலக சாம்பியன். 1975, 1978 இரண்டு வருடமும் நடக்கவே இல்லை. அடிக்குப் பயம் பாதி, தேதி கிடைக்காதது பாதி. 1980-லிருந்து பல வருடம் டோக்கியோவில் ஒரே ஆட்டம், டொயோட்டா பணம். சிறந்த ஆட்டக்காரருக்குக் கார்.

மீனா: அது நல்லதுதானே. நடு இடம், ஒரு ஆட்டம், எல்லோரும் முழு மூக்கோடு வீட்டுக்கு.

ராஜன் பெரியப்பா: நல்லதுதான். ஆனால் 2024-ல் இதே பெயர்க் கோப்பைக்கு ரியல் மாட்ரிட் கத்தாரில் மெக்சிகோவின் பச்சூக்காவை ஒரே ஆட்டத்தில் 3-0 என்று அடித்ததை நீ பார்த்தாயா? யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

கார்த்தி: நான் பார்த்தேன். நடுவில் தூங்கிவிட்டேன்.

மீனா: பெரியப்பா, 2018-ல் தென் அமெரிக்க கிளப் கோப்பையான லிபர்டடோரஸ் ஃபைனல்? அர்ஜென்டினாவின் போகா அணி பஸ்ஸைக் கல்லால் அடித்து, இரண்டாவது ஆட்டத்தை மாட்ரிடுக்குக் கொண்டுபோனார்களே. அட்டை, கேமரா எல்லாம் இருந்த காலம்தான்.

ராஜன் பெரியப்பா: சரி, அது எனக்கு எதிரான சாட்சிதான். ஆனால் ஆப்பிரிக்க கிளப் சாம்பியன் ஃபைனல் இன்றும் இரண்டு ஆட்டம்தான் மீனா. 2025-ல் தென் ஆப்பிரிக்காவின் சன்டௌன்ஸும் எகிப்தின் பிரமிட்ஸும். பிரிட்டோரியாவில் 1-1. கெய்ரோவில் பிரமிட்ஸ் 2-1. கோலைக் கூட்டினார்கள், கோப்பையைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பிரபு சித்தப்பா: யார் மூக்கும் உடையவில்லையா?

ராஜன் பெரியப்பா: இல்லடா.

மீனா: அப்படியென்றால் அடுத்த ஆப்பிரிக்க ஃபைனல் இரண்டையும் உங்கள் வீட்டில் பார்ப்போம். அப்புறம் சொல்கிறேன் யார் கட்சி சரி என்று.

சுதா சித்தி: வேனுக்கு இன்னும் ஒருவரும் பெயர் தரவில்லை 😡