குன்னூர்: சுண்ணாம்புச் சுவரில் பெயின்ட் நிற்கவில்லை, உதவி தேவை

குன்னூர் பெட்போர்டு பக்கம் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு. செங்கல், சுண்ணாம்புக் காரை, சிமென்ட் கிடையாது. கிழக்குச் சுவரில் எந்தப் பெயின்ட்டும் ஒரு மழைக்காலம் தாண்டுவதில்லை.

2022இல் பழையதைச் சுரண்டி, பட்டி, பிரைமர், அப்புறம் இரண்டு கோட் வெள்ளை எமல்ஷன். ஐப்பசி மழையில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. 2024 ஏப்ரலில் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தோம், இன்னும் மோசம். கொப்புளத்தை விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிகிறது, உள்ளே காரை மாவாக உதிர்கிறது. கூரையில் ஒழுகல் இல்லை, பார்த்தாயிற்று. சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தை வெளியே விட்டாக வேண்டும்; இந்தப் படலம் அதை அடைத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

உரிந்த இடத்தில் அடியில் வெளிர் மஞ்சள் தெரிகிறது, ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் சுவர் மாதிரி. பாட்டி தடவிப் பார்த்து, "நான் கல்யாணமாகி வந்தப்ப இந்தக் கலர்தான்" என்றார். அதையே திரும்பக் கொண்டுவர ஆசை. கேட்ட இரண்டு பெயின்டர்களும் காரையைக் கொத்திவிட்டு சிமென்ட் பூசச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை.

நீற்றிய சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து பழைய சுவருக்கு அடிக்கத் தெரிந்த கொத்தனார் நீலகிரியில் யாராவது இருக்கிறார்களா?